மூன்று ஹெட்போன்களும் என் வலது காதும்

ஹெட்போன் வாங்குவதில் எனக்கு இருக்கும் அனுபவம் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. ஒரே மாதத்தில் மூன்று மாடல் பார்த்துவிட்டேன். மூன்றையும் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். மூன்றின் மேலும் ஒரே புகார்தான்: வலது பக்கம் சரியாகக் கேட்கவில்லை. பாவம், மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. கோளாறு என் வலது காதில்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது அந்தக் காதில் மாதக்கணக்கில் சீழ் வடிந்தது. சீழ் நின்றபோது காதும் முக்கால்வாசி அடைத்துப்போயிருந்தது. அந்தப் பக்கம் யார் பேசினாலும் அடுத்த வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கும். "யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?" என்றாள் அம்மா. அம்மா சொன்ன மற்ற எதையும் நான் கேட்டதில்லை. இதை மட்டும் அப்படியே கேட்டேன். பதினாலு வருஷமாகக் குடித்தனம் நடத்தும் என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிட்டதில்லை.

எங்கள் வீடு திண்டிவனத்தில். வீட்டுக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை வரும் மார்க்கெட் கமிட்டியில் எடை போடுகிறார். நான் ஊரிலேயே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். கடையை மூடிவிட்டார்கள். அப்புறம்தான் விழுப்புரத்தில் இந்த வேலை கிடைத்தது. ஏசி ஆபீஸ், சுழலும் நாற்காலி, மாதம் பிறந்தால் பேங்கில் சம்பளம். கஸ்டமர் கேருக்கு வரும் போன் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, யார் என்ன சொன்னார் என்று தமிழில் டைப் அடிக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். தேர்வில் ஒரே ஒருவர் பேசும் பதிவைத்தான் போட்டார்கள். இடது காதை வைத்துக்கொண்டு ஜோராகப் பாஸாகிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வந்தது வினை. அந்தப் பதிவுகளில் கம்பெனி ஆள் பேசுவது இடது காதில் வரும், கஸ்டமர் பேசுவது வலது காதில் வரும். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினாலும் பிரித்துக் கேட்க வசதியாம். யாருக்கு வசதி? ஒரு தடவை நேராக மாட்டிக் கேட்பேன், ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்பேன். மற்றவர்கள் பத்துப் பேச்சு முடிக்கும்போது நான் ஐந்தில் நிற்பேன். அவசரம் வந்துவிட்டால் திருப்பி மாட்டாமல், கஸ்டமர் என்ன சொல்லியிருப்பார் என்று நானே ஊகித்து அடித்துவிடுவேன்.

எங்கள் டீம் லீடருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. வானூரிலிருந்து வண்டியில் வந்து போகும் பெண். ஒருநாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த ஆளு அஞ்சு நிமிஷம் வாயில வராத வார்த்தையில திட்டறாரு. நீங்க 'வாடிக்கையாளர் நன்றி கூறினார்'னு போட்டிருக்கீங்க. உங்க ஃபைல்ல மட்டும் எல்லா கஸ்டமரும் தங்கமான மனுஷங்களா இருக்காங்களே, எப்படிக்கா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "ஹெட்போன்ல ரைட் சைடு சரியில்ல மேடம்" என்றேன். வாய்க்கு வந்த பொய். ஆபீஸ் ஹெட்போனும் சாட்சி சொல்லும் நிலையில்தான் இருந்தது. அதன் பஞ்சு உறை உரிந்து, தினமும் சாயங்காலம் என் காதைச் சுற்றிக் கறுப்புத் துணுக்காக ஒட்டியிருக்கும். "அப்ப சொந்தமா ஒண்ணு வாங்கிக்கினு வந்துடுங்கக்கா" என்றாள். நல்ல சத்தமான ஹெட்போனாக வாங்கினால் அடைத்த காதிலும் கொஞ்சம் நுழையாதா என்று எனக்கும் ஒரு நப்பாசை.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு செல்போன் கடை. கடைக்காரர் கோட்டக்குப்பத்து பாய், பொறுமைக்கு அவரிடம்தான் பாடம் படிக்க வேண்டும். "ஐந்நூறுக்குள்ள இருக்கணும், எட்டு மணி நேரம் மாட்டினாலும் வலிக்கக் கூடாது, சத்தம் நல்லா வரணும்" என்றேன். "மூணும் சேர்ந்து கேக்குறியேம்மா" என்று சிரித்துக்கொண்டே முதல் மாடலை எடுத்துக் கொடுத்தார். அது காது மேல் உட்காருகிற வகை. இரண்டே நாளில் தோட்டுத் திருகு காதுக்குப் பின்னால் குத்திப் புண்ணாகிவிட்டது. வலது பக்கம் எப்போதும் போலத்தான். திருப்பிக் கொண்டுபோனேன்.

"குத்துது பாய். ரைட் சைடும் கேக்கல."

அவர் மாட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஜம்முனு பேசுதேம்மா" என்றார். ஆனாலும் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது, காதையே முழுசாக மூடுகிற பெரிய வகை. திருகு குத்தவில்லை. ஏசி ரூமிலும் காதுக்குள் வியர்த்து ஒழுகியது, தலையில் வைத்த பூவெல்லாம் நசுங்கி நாசமாகியது. வீட்டில் மாட்டிப் பார்த்தபோது வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னாது, ஏரோப்ளேன் ஓட்டப் போறியா?" என்றார். மறுபடியும் கடை, மறுபடியும் "ரைட்டு கேக்கல". இந்தத் தடவை பாய் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்றாவதை எடுத்தார்.

மூன்றாவது, தங்கமான ஹெட்போன். மாட்டியிருப்பதே தெரியாத லேசு. மெத்தென்ற துணி உறை, திருகு அதில் பதிந்து உட்கார்ந்துகொண்டது. விலையும் நானூற்றுச் சொச்சம்தான். அதைப் போட்டுக்கொண்டும் நான் அதே ஐந்து பேச்சில் நின்றேன், அதே நன்றியை அடித்தேன். "அக்கா, இந்த வாரத்தோட உங்க மூணு மாசம் முடியுது. திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் குடுக்கணும். இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் டீம் லீடர். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, வருத்தமாகச் சொன்னாள். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் எத்தனையோ யோசித்து வைத்திருந்தோம். அதைவிட, அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மூன்றாவதையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "நானும் வர்றேன் இரு. எந்தக் கடைக்காரன் உன்னை இந்த ஏமாத்து ஏமாத்துறான்னு பாக்கறேன்" என்று வீட்டுக்காரரும் கூட வந்துவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? கடையில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று பஸ்ஸில் வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன்.

பாய் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ரைட்டாம்மா?" என்றார். "ரைட்டு" என்றேன். மாட்டினார், இடது பக்கம் கேட்டார், வலது பக்கம் கேட்டார். பிறகு அப்படியே கழற்றி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க சார். ரெண்டும் ஒரே மாதிரி பேசலைன்னா காசைத் திருப்பிக் குடுத்துடறேன்."

போச்சு, மானம் போச்சு என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் மூட்டைக்கு எடை பார்க்கிற அதே கவனத்தோடு மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டார். கழற்றினார்.

"ஆமா பாய். ரைட்டு கம்மியாத்தான் கேக்குது" என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை காதைப் பார்த்திருப்பாரோ, மனுஷருக்குப் புரிந்துவிட்டது.

"காசைத் தந்துடறேன் சார். ஆனா எங்கிட்ட இதைவிட நல்லது இல்ல" என்றவர், பெட்டியை மூடிக்கொண்டே, "பொதுவாச் சொல்றேன், கம்ப்யூட்டர்லயே ஒரு செட்டிங் இருக்கு. ரெண்டு குரலையும் கலந்து ரெண்டு பக்கமும் விடும். ஆபீஸ்ல கேட்டா போட்டுத் தருவாங்க" என்றார்.

காசு வேண்டாம், ஹெட்போனே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பத்தடிகூடத் தாண்டவில்லை, நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"கல்யாணமான மொதோ மாசத்திலேருந்து. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தேன்னா இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்ட. வலது பக்கமாப் படுத்தா பல்லி கத்தினாலும் முழிச்சிக்குவ. இதுக்கு டாக்டருக்கா படிக்கணும்?"

"பதினாலு வருஷமா ஏன் கேக்கல?"

"நீ மறைச்சிக்கினு இருந்த. சரி, மறைச்சிட்டுப் போன்னு விட்டுட்டேன். எனக்கும் அதுல ஒரு சவுகரியம் இருந்துச்சு. உன்னைத் திட்டணும்னா வலது பக்கமா வந்து திட்டிக்குவேன். சண்டையே வராது."

அடப்பாவி மனுஷா! ஸ்டேஷன் ரோடு என்றும் பார்க்காமல் முதுகில் ஒன்று வைத்தேன். அழுகையும் சிரிப்புமாக எனக்கு மூக்கு ஒழுகியது. அவர் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த செட்டிங்கை மாற்றவும் டீம் லீடர்தான் பாஸ்வேர்டு போட வேண்டும். ஆக, திங்கட்கிழமை காலை வேறு வழியில்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத அந்த ரூமில், "மேடம், ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வலது காது கேக்காது" என்றேன். சின்ன வயதிலிருந்து அன்றைக்குத்தான் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன்.

அவள் குனிந்து பாஸ்வேர்டு அடித்தாள். எதையோ திறந்து ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். ஒரு பதிவை ஓடவிட்டாள். என் இடது காதில் கம்பெனி ஆளும் பேசினார், கஸ்டமரும் பேசினார். அந்தக் கஸ்டமர் அம்மாள் அவரை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு டிக். இதற்காகவா மூன்று மாதம் நான் உயிரை விட்டேன்?

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?"

அவள் யோசித்தாள். "எடுத்திருக்க மாட்டோம்க்கா" என்றாள். "நான்தானே இன்டர்வியூ எடுத்தேன். ரிஜெக்ட்னு போட்டிருப்பேன்." சொல்லிவிட்டு ரிப்போர்ட் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னாள், வாங்கியும் தந்தாள். இரண்டு வாரத்தில் நான் மற்றவர்களோடு பத்துப் பேச்சைத் தொட்டேன், வேலை நிரந்தரமானது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், எடுத்திருக்க மாட்டோம் என்று டீம் லீடர் சொன்னதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனதில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் எனக்கு இடது பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப இதைச் சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?" என்றேன்.

கட்டியிருப்பேன் என்று சட்டென்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எங்கம்மா வேணாம்னு சொல்லியிருக்கும். நானும் சரின்னு தலையாட்டிட்டு வேற எங்கியாச்சும் போயிருப்பேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லவேளை, நீ சொல்லல."