தூண் கேட்ட விலை

“என் சுத்தியல் முன்னாடி வந்து நின்ன எந்த வண்டியும் வந்த வாசல் வழியாத் திரும்பிப் போனதில்லை. இனிமேலும் போகாது!”

பழைய கார்களை ஏலம் விடும் கூடத்தில், மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்கும்படி இப்படி முழங்கியவரை எல்லோரும் சுத்தியல் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கல்யாணப் பத்திரிகையோடு சரி.

கூடத்துக்கு இரண்டு வாசல். மேற்குப் பக்கத்து இரும்பு ஷட்டர் வழியாக வண்டிகள் உள்ளே வரும். விலை போன வண்டி கிழக்கு வாசல் வழியாக, புது முதலாளியோடும் கைதட்டலோடும் வெளியேறும். ஏல நாளில் கடைசி வண்டி உள்ளே வந்ததும் சுத்தியல் தன் கையாலேயே மேற்கு ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, அந்தப் பையை எல்லோரும் பார்க்கும்படி ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்கே பாதிப் பேர் கிறங்கிப்போவார்கள்.

அவர் ஒன்றும் காருக்கென்றே பிறந்தவர் அல்லர். இளமையில் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். காணாமல் போன குழந்தைகளை அவர் அறிவித்தபோது தாய்மார்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் குரலை ரசித்தார்கள் என்பது வரலாறு. வரலாற்றைச் சொன்னவர் அவரே. பிறகு பழைய மேஜை நாற்காலி ஏலம், அதிலிருந்து பழைய கார். மேஜை நாற்காலி வாங்க வருகிறவன் கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பான். கார் வாங்க வருகிறவன் தானே ஆடிப்போய் நிற்பான். தொழிலில் இதுதான் வித்தியாசம் என்று அவர் கண்டுகொண்டார்.

அவரிடம் ஒரு தத்துவமும் இருந்தது. “மனுஷன் அம்பத்தஞ்சு வயசுல காரா வாங்கறான்? பன்னண்டு வயசுல எந்தக் கார் கண்ணாடியில மூக்கை ஒட்டிப் பார்த்து டிரைவர்கிட்ட திட்டு வாங்கினானோ, அந்தத் திட்டுக்கு இப்பப் பதில் சொல்றான்.” அதனால் வந்தவர்களிடம் என்ன வண்டி வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. “சின்ன வயசுல எந்தத் தெருவுல இருந்தீங்க? அந்தத் தெருவுல பணக்காரர் யாரு?” என்றுதான் கேட்பார். பதில் வந்துவிட்டால், வந்தவர் விலையில் எவ்வளவுதூரம் ஏறுவார் என்பதும் சுத்தியலுக்குத் தெரிந்துவிடும்.

தத்துவத்தில் ஓட்டை ஒன்று இருந்தது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கிளட்ச்சை மிதிக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளோ வேறு வண்டிகளின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வளர்ந்தவர்கள். இந்த நீள நீள வண்டிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, செலவில்லாமல் வீடு திரும்பினார்கள். கூடத்தில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. இருந்தவர்களும் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலிகளாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். “பழைய கார் விலை ஆறிப்போச்சாமே?” என்று டீக்கடையில் யாரோ கேட்டபோது, “ஆறலை. மூச்சு வாங்குது” என்று சொல்லிவிட்டு வந்தார் சுத்தியல். அன்றைக்கு மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

அப்படியும் எந்த வண்டியும் திரும்பிப் போகவில்லை. அதற்குக் காரணம் தூண்.

கூடத்தின் கடைசியில், விளக்கு சரியாக எட்டாத இடத்தில், சுண்ணாம்பு அடித்த உருண்டைத் தூண் ஒன்று நின்றது. ஒவ்வொரு வண்டிக்கும் அதற்குக் கீழே விற்கக் கூடாது என்று சொந்தக்காரர் ஓர் அடிவிலை சொல்லியிருப்பார். அது ஏலம் விடுகிறவருக்கு மட்டும் தெரியும். கேட்பவர் அந்த விலைக்குக் கீழேயே தயங்கி நின்றால், சுத்தியல் தூணை ஒரு பார்வை பார்ப்பார், தலையாட்டுவார், “பின்னாடி ஐயா கேட்டுட்டார், நன்றி!” என்பார். முன்வரிசைக்காரருக்கு ரோஷம் வரும். ஏற்றிக் கேட்பார். தூணும் ஏற்றிக் கேட்கும். தொழிலில் இதற்கு ஒரு பெயர்கூட உண்டு. பெயர் வைத்தாகிவிட்டால் எந்தக் காரியமும் பாதி நியாயமாகிவிடுகிறது.

நல்ல காலத்தில் தூண் எப்போதாவது ஒருமுறை கேட்கும். சமீப காலமாக, கூடத்தின் மிக முக்கியமான வாடிக்கையாளரே அதுதான். கூரையைத் தாங்குவது போதாதென்று ஒரு குடும்பத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பல் டாக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சும்மா டீ குடிக்கக் கூடத்துக்கு வந்தவர், நீளமான பச்சைக் கார் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயதில் எதிர்வீட்டு நீதிபதியிடம் இருந்த அதே ரகம். அன்றைய ஏலத்தில் கடைசிவரை மோதியவர்கள் இருவர். ஒருவர் பல் டாக்டர். இன்னொன்று தூண். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து மச்சான் ஜெயித்தார். ‘ஆசைப்பட்டார், கிடைச்சுது’ என்று சுத்தியல் அன்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். மாமியார் வீட்டில் அவருக்கு மரியாதையும் கூடிற்று.

இப்போது அதே மச்சான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “மாப்ளை, பச்சையை ஏலத்துக்கு எடுத்துடுங்க.”

“ஏன் மச்சான்? வண்டியில ஏதாவது…”

“வண்டி தங்கம். பொண்ணு படிப்பை முடிக்கிறா இல்ல? கிளினிக்குக்குப் பக்கத்து அறை காலியாகுது. அவளுக்குன்னு ஒரு பல் நாற்காலி போட்டு உக்கார வெச்சுடணும். இல்லாட்டி வேற ஊருக்கு வேலைக்குப் போறேங்கிறா. நாற்காலிக்குன்னு வெச்சிருந்த பணம்தான் பச்சையாப் போச்சு.” கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். “லாபமெல்லாம் வேணாம். நான் குடுத்த விலையையே அடிவிலையாப் போடுங்க.”

“இப்பக் காத்து கொஞ்சம் வேற மாதிரி அடிக்குது மச்சான்…”

“அட, நீங்க எதுக்குப் பயப்படறீங்க? அன்னிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்கூட விடாம மோதினாரே ஒருத்தர், அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. என்னா ஆசை அந்த மனுஷனுக்கு! பாவம், ஜெயிச்ச எனக்கே மனசு கேக்கலை.”

சுத்தியலுக்கு டீ புரையேறிற்று. மனைவி தலையில் தட்டினாள்.

“யாருங்க அது? உங்களுக்குப் பழக்கமா?” என்றாள் அவள்.

“பழக்கம்தான்.”

“என்ன பண்றார்?”

“கட்டடத்… தொழில்.”

“ஆள் எப்படி? பேச்சு மாறமாட்டாரே?” என்றார் மச்சான்.

“அசையவே மாட்டார்.”

“அப்பறம் என்ன? என் பொண்ணு நாற்காலியில உக்காந்தாச்சுன்னு வெச்சுக்குங்க!” என்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார் மச்சான்.

அன்றிலிருந்து பயம் அந்த வீட்டில் குடிவந்தது. வாடகை தராத குடித்தனக்காரனைப்போல எல்லா அறையிலும் உட்கார்ந்துகொண்டது. “ஏங்க, அவர்கிட்ட பேசினீங்களா?” என்று மனைவி காலையில் கேட்பாள். “பேசிட்டேன்.” “என்ன சொன்னார்?” “பார்க்கலாம்னார்.” ஒருநாள் அவள் பக்கத்திலேயே நின்றதால், யாரையும் கூப்பிடாத போனைக் காதில் வைத்து, “ஐயா, பச்சை வண்டி திரும்ப வருது… ஆமாங்க… அவசியம் வாங்க…” என்று பேசினார். பஸ் நிலையத்துக் குரல் நடுங்கிற்று. “அவருக்குன்னு ஒரு வாய் டீ குடுக்கணும், வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க” என்றாள் அவள். முகச்சவரம் செய்யும்போது இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். தட்டில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்று வாய் தானாகச் சொல்லிற்று. அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லை அது. அந்தப் பயம் பழகிப்போனது. தன் அண்ணன் ஒரு தூணோடு போட்டி போட்டு, மகளின் நாற்காலியைத் தோற்றான் என்று இவளுக்குத் தெரிந்தால், இந்தக் குரலைக் கேட்டு மயங்கிக் கழுத்தை நீட்டியவள் இனி அந்தக் குரல் சொல்லும் எதை நம்புவாள்? ‘சாப்பிட்டாச்சு’ என்றால்கூட நம்புவாளா?

ஏல நாள் வந்தது. பச்சைக் கார் பளபளவென்று உள்ளே நுழைந்தது. ஷட்டர், பூட்டு, சாவி, தட்டு எல்லாம் முறைப்படி நடந்தன. உள்ளங்கை வியர்வை பட்டுச் சட்டைப் பையில் ஒரு கை அச்சு விழுந்தது.

பச்சையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தவர் ஒரே ஒருவர்: மருந்துக்கடைக்காரர். வயதான, மெலிந்த மனிதர். சுற்றி முடித்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் பக்கவாட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். சுத்தியல் பார்த்தார். அந்த மூக்கை அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்த மாதிரி மூக்குகள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. “எங்க தலைமையாசிரியர் இதுலதான் வருவார்” என்றார் மருந்துக்கடைக்காரர், கேட்காமலேயே. “கதவைத் திறந்து விடுறதுக்கு எங்களுக்குள்ள அடிதடியே நடக்கும்.”

ஏலம் ஆரம்பித்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தலாமென்று கொஞ்சதூரம் கேட்டார். அலங்காரத்துக்கு இவ்வளவா என்று நிறுத்திக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் மிஞ்சினார். விலை, அடிவிலைக்கு வெகு கீழே, வழி தெரியாத பிள்ளைபோல நின்றது.

“ஒரு தரம்!”

பழக்க தோஷத்தில் சுத்தியலின் கண் தூணுக்குப் போயிற்று. போன கண் திகைத்தது.

தூணில் சாய்ந்துகொண்டு மச்சான் நின்றார். உட்கார எத்தனையோ நாற்காலி காலியாக இருந்தும், தன்னோடு மோதிய அந்தப் பெரிய மனிதர் வந்தால் முதல் ஆளாகக் கைகுலுக்க வேண்டும் என்று, அவர் நிற்கிற இடத்திலேயே காத்திருந்தார். சுத்தியல் பார்த்ததும், ‘இன்னும் வரலை, கொஞ்சம் இழுங்க’ என்று கையால் ஜாடை காட்டினார்.

கூடத்தில் இன்னொரு தூணும் இருந்தது. இடது பக்கம், ஜன்னலோரம். இதுவரை எதுவும் கேட்டறியாத தூண்தான். ஆனால் தூணுக்குத் தூண் என்ன வித்தியாசம்? ஒரு தலையாட்டல் போதும். மருந்துக்கடைக்காரர் ஏறுவார். ஏற ஏற மகளுக்கு நாற்காலி வரும், வீட்டில் மானம் மிஞ்சும், வாசல் சபதமும் பிழைக்கும்.

மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார், யாராவது போட்டிக்கு வருகிறார்களோ என்று. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து நெற்றியில் ஒற்றினார். இரண்டு வருஷத்துக்கு முன் மச்சான் துடைத்த அதே துடைப்பு.

சுத்தியலுக்குப் புரிந்துவிட்டது. இவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். ‘ஜன்னலோரம் நின்னு கேட்டாரே ஒருத்தர், அவரைக் கூப்பிடுங்க’ என்பார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்கும் பின்னால் இன்னொருவர். ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு தூணின் சுகசௌகரியத்தை விசாரிப்பார்கள்.

“ரெண்டு தரம்…”

கையில் தூக்கிய சுத்தியல் அப்படியே நின்றது. பிறகு அவர் அதைத் தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோல மேஜைமேல் சத்தமில்லாமல் படுக்கவைத்தார்.

“அடிவிலைக்கு வரலை. வண்டி விக்கலை.”

யாரோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவரும் அடங்கினார். மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, பச்சையை இன்னொருமுறை பார்த்தார்.

மச்சான் நடந்து வந்தார். கோபம் இல்லை, குழப்பம்தான். “அவர் வரவே இல்லையே, மாப்ளை?”

“இல்ல மச்சான்.” குரல் பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. “அன்னிக்கும் வரலை.”

மச்சான் அவரைப் பார்த்தார். திரும்பி, தான் சாய்ந்து நின்ற தூணைப் பார்த்தார். கோட்டின் தோளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதை ஒரு விரலால் தொட்டு, எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று யோசிப்பவர்போல வெகுநேரம் பார்த்தார். பச்சைக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. சுத்தியல் பைக்குள் கைவிட்டு, போனை விட்டுவிட்டு, சாவியை எடுத்தார். மேற்கு வாசலுக்கு நடந்தார். ஏல நாளில் திறந்தறியாத பூட்டு இரண்டு முறை முரண்டு பிடித்தது. குனிந்து, ஷட்டரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, வெயிலில் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பச்சைக் கார் அவரைத் தொடாமல், மெல்லப் பின்னோக்கி வெளியேறியது.