பழைய ரோட்டில் ஒரு சூடான பாவ்

எங்கள் வீட்டில் வெளியூர் கிளம்பத் திட்டம் போடுவது, கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதை விடக் கஷ்டம். போன மாதம் என் மகனுக்கு ஒரு ஆசை வந்தது. வடக்கே தைப்பிங் வரைக்கும் பழைய ரோட்டிலேயே காரில் போக வேண்டுமாம். பழைய ரோடு என்றால், ஹைவே வருவதற்கு முன்னால் ஜொகூரிலிருந்து வடக்கே எல்லாரும் போய்வந்த ரோடு. வழியில் இருக்கும் ஒரு டவுனையும் விடாமல் உள்ளே புகுந்து, கடைகளை ஒட்டியே போகும்.

“ஹைவேல என்னா இருக்கு? செம்பனைத் தோட்டமும் டோலும்தான். பழைய ரோட்ல போனாதான்லா நாடு தெரியும்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மலாக்காவில், புக்கிட் காத்திலில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். மகன், மருமகள், பத்து பெரண்டாமிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், நான். மகன் கைப்பேசியில் மேப்பைத் திறந்தான். அது ஹைவேயைத்தான் காட்டியது. விரலால் இழுத்துப் பழைய ரோட்டில் விட்டால், கையை எடுத்ததும் மறுபடி ஹைவேக்கே ஓடியது.

“பழகுன மாடு மாதிரி கொட்டாய்க்கே போகுது பாரு” என்றாள் நாத்தனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனசு வேறு இடத்தில் இருந்தது.

என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில்தான் லோரி ஓட்டினார். பட்டர்வொர்த்தில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தஞ்சோங் மாலிமில் நிறுத்தி, சீனர் கடையில் கோழிக்கறியை உள்ளே வைத்து ஆவியில் அவித்த பாவ் வாங்கி வருவார். வீடு வந்து சேர்வதற்குள் அது ஆறிப்போய், கறி ரொட்டியில் ஊறி, அடியில் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கும். காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தின்பேன். “சுடச்சுடத் தின்னா இதோட கதையே வேற” என்பார், ஒரு தடவை தவறாமல். அவர் காலமாகிப் பல வருசம் ஆகிறது. அந்தச் சூட்டை மட்டும் நான் பார்த்ததில்லை. மலாக்காவிலும் சூடான பாவ் கிடைக்கும், ஆனால் அது இந்தக் கடைப் பாவ் ஆகுமா? வடக்கே போன இரண்டொரு தடவையும் பஸ் ஹைவேயிலேயே போய்விட்டது.

இப்போது கார் அந்த ஊருக்குள்ளேயே போகப்போகிறது. கேட்டுவிடலாம்தான். நாலு பேர் நடுவில் எனக்கு இது வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதுவும் இந்த வயசில், பாவ்!

மருமகளே பேச்சை எடுத்துக் கொடுத்தாள். “தஞ்சோங் மாலிம்ல பாவ் ஃபேமஸ்லா. பகல் சாப்பாட்ட அங்கயே முடிச்சிருவோமா?”

என் நெஞ்சு குதித்தது.

“பகலுக்குப் பாவா? அதுக்கப்புறம் ஈப்போ கல்லுமலைக்குப் போகணுமே. கவுச்சி தின்ன வாயோட கோயில் படி ஏறுவியா?” என்று நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதுதான் சிக்கல். கவுச்சி சாப்பிட்டால் தலைக்குக் குளிக்காமல் நாங்கள் கோயிலுக்குள் போவதில்லை. கோயில் எல்லாம் முன்னால், கோழி எல்லாம் பின்னால் என்றால் சரி. ரோடு அப்படி அமையவில்லை. முதலில் பத்துமலைக் கோயில், அப்புறம் பாவ், அதற்கப்புறம் கல்லுமலைக் கோயில்.

“அப்போ காயா பாவ்” என்றான் மகன்.

“காயா ஜாம்ல முட்டை இருக்கு.”

“தேங்காப் பாவ்?”

“தின்னு. நாங்க வேணாம்னா சொன்னோம்?”

“கோழி இல்லாம என்னா பாவ்? ஓட்டல்ல ரூம் எடுத்துக் குளிச்சிட்டுப் போவோமா?”

“ஒரு பாவுக்கு ஒரு ரூமா? ஒங்கப்பன் லோரியே அந்தக் கணக்குல ஓடலயேடா!”

மகன் சலித்துக்கொண்டு, “சரி, பாவ் கேன்சல்” என்று மேப்பைத் தள்ளினான். தஞ்சோங் மாலிம் திரைக்குக் கீழே போய் மறைந்தது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை.

“திரும்பி வரும்போது பழைய ரோட்ல வந்தா என்னா?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் காது சூடாகிவிட்டது. ஆரம்பித்ததை விட முடியவில்லை.

“போறப்ப ஹைவேல போவோம். அன்னிக்குப் பத்துமலைய முடிச்சிட்டு நேரா தைப்பிங் போய்த் தங்கிருவோம். மறுநாள் காலைல குளிச்சிட்டுப் பழைய ரோட்ல கீழ எறங்குனா, முதல்ல கல்லுமலை வரும். அப்புறம்தான் பாவ்.”

மகன் மேப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

“அதுக்கப்புறம் சிரம்பான், தம்பின் பக்கமெல்லாம் ரோட்டோரத்துல முனியாண்டி இருக்காரே, அண்ணி?” நாத்தனார் லேசில் விடுகிறவள் இல்லை.

“அவருக்குக் கார்லேர்ந்தே கை எடுத்துக்குவோம். அவரே சேவல் வாங்குற சாமிதானே? நம்மகிட்டயா மூஞ்சத் திருப்புவாரு?”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மாமி, ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருக்கீங்கபோல!”

“அம்மா, ஒங்களுக்குப் பாவ் வேணுமா?” என்று மகன் நேராகவே கேட்டான்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆமாம்யா. சூடா” என்று வந்துவிட்டது.

ஒருவரும் கேலி செய்யவில்லை. மகன் மட்டும் என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, “சனிக்கிழமை ஏறுறோம், ஞாயித்துக்கிழமை எறங்குறோம். முடிஞ்சிச்சு” என்றான்.

நாத்தனார் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெள்ளியும் சனியும் சைவம். இன்னும் என்ன தடை சொல்லப்போகிறாளோ என்று அவள் விரலையே பார்த்தேன்.

“சனிக்கிழமதான் எனக்கு விரதம்” என்றாள் மெதுவாக. “ஞாயித்துக்கிழம ஒன்னும் இல்லலா. அண்ணி, அந்தக் கடையில கோழி மட்டும்தானா, ஆடும் உண்டா?”