றெஜினா அக்கா வெட்டிய இடப்பக்கம்

றெஜினா அக்காவின் மகள் மெலனி தொலைபேசியில் அழைத்தபோது நான் பட்டறையில் கையுறையோடு நின்றேன். பனி கரைந்த வீதியில் இந்த வருடத்தின் முதல் மோட்டார் சைக்கிள்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அந்த இரைச்சலில் அவள் சொன்னது முதலில் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பக் கேட்டேன். "அம்மா விடிய போயிட்டா, அன்ரி," என்றாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அக்காவின் மேசை எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைப் பார்க்காமலே அவளோடு பேசி முடித்தேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தேவாலயத்தில்தான் தெரியும். மன்னார்க்காரி, பாடற்குழுவில் மற்ற எல்லோருடைய குரலையும் மூடிப் பாடுகிறவர். வேலையைப் பற்றிக் கேட்டால், "மோட்டார் சைக்கிளிலை பூப் போடுறவ" என்று சொல்லியிருப்பீர்கள். நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு களஞ்சியத்தின் பின்பக்கத்தை நாங்கள் இருவரும் பகிர்ந்துகொண்டோம். என்ஜின் மூடிகளின் பழைய குரோம் பூச்சைத் திராவகத் தொட்டியில் நீக்கி, சுழலும் துணிச்சில்லில் மினுக்குவது என் வேலை. அந்தப் பளபளப்பின் மேல் உளி பிடித்து, கொடியும் இலையும் சுருளுமாகக் கையால் வெட்டுவது அவருடைய வேலை. முதல் நாளே எல்லை போட்டுவிட்டார். "எடி சுதா, மினுக்கிறதெல்லாம் நான் வெட்ட முன்னம் மினுக்கிப்போடு. பேந்து உன்ரை சில்லு அதிலை பட்டு என்ரை விளிம்பு மழுங்கிச்சுதோ, இஞ்சை கொலைதான் விழும்."

இந்த ஊரில் பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓடாது. கார்த்திகையில் கழற்றிய பாகங்கள் பெட்டி பெட்டியாக எங்களிடம் வரும். சித்திரைக்குள் திரும்பிப் போகும். ஆனால் அக்கா வெறும் பெட்டியை வாங்கமாட்டார். கழற்றுமுன் ஒருமுறை வண்டியோடு ஆளும் வர வேண்டும். பக்கத்து ஊரான லவாலிலிருந்து ஜீல் என்ற பெரிய தாடிக்காரர் வந்த நாள் நினைவிருக்கிறது. மூடியில் மண்டையோடு வேண்டும் என்றார். உலகில் உள்ள அனைவரையும் 'நீ' என்று அழைக்கும் தன்னுடைய பிரெஞ்சில், "முதலில் ஏறி இரு," என்றார் அக்கா. அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார். அக்கா சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டு, சப்பாத்து எங்கே உராய்கிறது, குனிந்தால் கண் எங்கே விழுகிறது என்று பார்த்து, மூடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். என்னிடம் தமிழில், "ரோட்டாலை போறவைக்கு நான் வெட்டிறேல்லை. ஓடுறவன் மேலை இருந்து பாக்கேக்கை கொடி அவனைப் பாத்து விரியோணும்," என்றார். மண்டையோட்டைப் பற்றி அதன்பின் ஒருவரும் பேசவில்லை.

அவர் வெட்டுவதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வலக்கையைத்தான் பார்ப்பார்கள். அது அசைவதே இல்லை. மூடியைக் கவ்விய கனத்த இரும்புப் பிடியை இடக்கை சுழற்றும். அசையாமல் நிற்கும் உளியின் முன்னால் உலோகம் தானாக வந்து சுருண்டு விரியும். இதற்கிடையே ஊர்க்கதையும் நடக்கும். வளைவு வந்தால் மட்டும் மூச்சை நிறுத்துவார், கதையும் நின்றுவிடும். "அந்தப் பிள்ளை கடைசியிலை ஆரைக் கட்டினதெண்டால்..." நாங்கள் காத்திருப்போம். சுருள் முழுவட்டம் வந்து இலைக்குள் முடியும். "...தாய் வேண்டாமெண்ட அதே பெடியனைத்தான்!" எத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அந்த வளைவுகளை நான் வாய்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜீலின் வலப்பக்க மூடியை வெட்டி முடித்த வாரம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மெலனிக்கு வேலை, அதனால் மருத்துவமனைக்கு அக்காவோடு நான் போனேன். இந்த மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யலாம், உணர்ச்சி திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். விரலுக்குத் தீங்கில்லாத வேறொரு மருந்தும் உண்டு, பலன் குறைவு என்றார். அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "ஆள் இருந்தால் கை வேறை வழி பாக்கும். ஆள் இல்லாமல் கையை வைச்சு என்ன செய்யிறது?" என்றார். பலமான மருந்தையே கேட்டார்.

மருந்து விரல்களை எடுத்துக்கொண்டது. சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியதே, அது கீழே விழுந்து உடைந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வந்த பெட்டிகள் எல்லாம் திரும்பிப் போயின. ஜீலின் இடப்பக்க மூடி மட்டும் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. வேறொருவரிடம் கொடுக்கட்டுமா என்று ஜீல் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா மூடியின் மேல் கையை வைத்தார். "ஒரு வண்டியிலை ரெண்டு பேற்றை கையெழுத்தோ? தொடவேண்டாமெண்டு சொல்லு அவனுக்கு." நான் நாகரிகமாக மொழிபெயர்த்தேன்.

ஒரு செப்புத் தகட்டை எடுத்துப் பழகத் தொடங்கினார். உளி எவ்வளவு இறங்குகிறது என்று விரல் சொல்லாததால் அளவுக்கு மீறி அழுத்தினார். உளி வழுக்கித் தகட்டின் குறுக்கே ஓடியது. ஒருநாள் திடீரென்று, "உன்ரை மோட்டரை நிப்பாட்டு," என்றார். நிறுத்தினேன். "காத்தாடியையும்." மின்விசிறியும் நின்றதும் பட்டறை அமைதியானது. அப்போதுதான் எனக்கே கேட்டது: கத்தரிக்கோல் பட்டுத்துணிக்குள் வழுக்கிப் போவது போன்ற ஒரு மெல்லிய ஓசை. உளி ஆழமாய் இறங்கினால் அது கனத்தது. முனை மழுங்கினால் கீச்சிட்டது. "கேட்டியே? இவ்வளவு காலமும் விரல் எனக்குச் சொன்னதை இது சொல்லுது."

அந்தப் பனிக்காலத்தின் மீதி நாட்கள் முழுக்க முற்பகல்களில் என் சில்லு சுழலவில்லை. நான் திராவகத் தொட்டிகளைக் கவனித்துக்கொண்டு, மினுக்கும் வேலையை மத்தியானத்துக்குத் தள்ளினேன். அக்கா ஊர்க்கதையை விட்டுவிட்டார். உளிப்பிடியை உள்ளங்கையின் அடியில் கொடுத்து, உருப்பெருக்கிக்குள் கண்ணை வைத்து, தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டுக் கேட்டு வெட்டினார். ஒரு நாளில் ஓர் இலை. சில நாட்களில் அதுவுமில்லை.

மூடி முடிந்தது. ஜீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாடியைத் தடவி, எது நோய்க்கு முந்தியது என்று தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணில்லையோ உங்களுக்கு? இடப்பக்கம் எவ்வளவு நல்லாயிருக்கு! வலப்பக்கம் என்ரை கை வெட்டினது. இது நான் வெட்டினது."

வலப்பக்கத்தை உடனே திருப்பித் தா, புதிதாக வெட்டித் தருகிறேன் என்று ஜீலிடம் சண்டை பிடித்தார். வண்டி ஓடும் காலம் வந்துவிட்டதென்று ஜீல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அடுத்த பனிக்காலத்தில் பேசுவோம் என்றார் அக்கா. அந்தப் பனிக்காலத்தில் நோய் திரும்பி வந்தது. அவர் பட்டறைக்கு வரவில்லை.

மூடி முடிந்த அன்று மாலை அக்கா தான் பழகிய அந்தச் செப்புத் தகட்டைக் கழிவு உலோகத் தொட்டிக்குள் எறிந்தார். நான் போய் எடுத்தேன்.

"அந்த அரியண்டத்தை ஏனடி எடுக்கிறாய்?"

"எனக்கு வேணும், அக்கா."

"ஒருத்தருக்கும் காட்டப்படாது."

"ஓம்."

காட்டியதில்லை. நினைவுத் திருப்பலிக்கு வந்த நண்பர்கள் அவருடைய கைவேலை ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டபோதும் காட்டவில்லை. இருக்கிறது என்று மட்டும் இங்கே சொல்கிறேன். சில முற்பகல்களில் அதைத் தனியே எடுத்துப் பார்ப்பேன். அடியில் ஒரு சிறு சுருள் பிசகில்லாமல் முடிந்திருக்கிறது. என் கண் அதில் நிற்பதில்லை. நடுவே உளி கைமீறி, தகட்டின் ஓரம்வரை கிழித்துக்கொண்டு ஓடிய ஒரு வரி இருக்கிறது. அதற்கு நேர் கீழே, ஒரு நூல் இடைவெளி விட்டு, அவர் அடுத்த வரியைத் தொடங்கியிருக்கிறார்.