ஒரு 'ம்' சொன்ன மாஸ்டர்

சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்ததும் மாஸ்டரின் கை தானாகவே காரின் முன்பெட்டியைத் திறக்கும். வண்டிக் காகிதங்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து நாலு வால்நட் பருப்பு, ஒரு கைப்பிடி பூசணி விதை. பச்சை விழுவதற்குள் மென்று விழுங்கி, டப்பாவை மூடி, பெட்டியையும் மூடிவிட்டு, பக்கத்தில் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருப்பவரிடம், "சரி, ஃபர்ஸ்ட் போடுங்க" என்பார். யாராவது, "என்ன மாஸ்டர் சாப்பிடறீங்க?" என்று கேட்டுவிட்டால் பதில் தயாராக இருக்கும். பாட்டி வயதுப் பெண்மணியிடம் "கொலஸ்ட்ராலுக்கும்மா." கல்லூரிப் பையனிடம் "கண்ணுக்கு நல்லதுப்பா." ஒரு வங்கி அதிகாரியிடம் மூட்டு வலி என்று சொன்னார். அந்த மனிதர் தன் மூட்டு வலியைப் பற்றி மூன்று கிலோமீட்டர் பேசினார்.

பதினாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது, மாஸ்டர் என்றால்தான் தெரியும். வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. கற்றுக்கொள்கிறவர் எதிரில் வரும் லாரியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும்போது இந்தப் பக்கத்துக் கால் வேலை செய்யும். சத்தம் போட மாட்டார். "ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது, பதறாம வாங்க" என்பதுதான் அவர் அதிகபட்சமாகத் திட்டுவது. மூன்று முறை லைசென்ஸ் டெஸ்டில் தோற்றவரைக்கூட, "அதுக்கென்ன, மறுபடியும் பாத்துக்கலாம்" என்று தேற்றி அனுப்புவார். கால் மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்வெடுக்காது. பிடிக்காத பேச்சு வந்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தரையை அழுத்தும். "இங்க பிரேக் இல்லீங்க" என்பாள் மனைவி.

பிடிக்காத பேச்சு என்று அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை.

மனைவி ஆறு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். ஸ்கேன், ஊசி, மாத்திரை, மறுபடியும் ஸ்கேன். மாஸ்டர் அவளை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடுகிறேன் என்று கிளம்பிவிடுவார். எந்தச் சந்திலும் வண்டியைச் சொருகத் தெரிந்த மனிதருக்கு ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் இடமே கிடைக்காது. போன குளிர்காலத்தில் புதிதாக வந்த பெண் டாக்டர் அவரையும் உள்ளே கூப்பிட்டு, "அவங்களுக்குப் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு. உங்களுக்கு எப்ப பாத்தீங்க சார்?" என்று கேட்டார். "எனக்கென்ன டாக்டர், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார் மாஸ்டர். டாக்டர் ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வராந்தாவின் கோடி அறை வரைக்கும் நடந்தது, அவர் வாழ்க்கையிலேயே நீளமான நடை.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. விந்தணு எண்ணிக்கை குறைவு, இருப்பவற்றுக்கும் நீந்தும் வேகம் கம்மி. மாஸ்டருக்குக் காது சுட்டது. ஆறு வருடம் ஊசி குத்திக்கொண்டவள் பக்கத்து நாற்காலியில் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அதைவிடச் சுட்டது.

அங்கேயே உணவு ஆலோசகர் ஒருவர் இருந்தார். மாஸ்டரிடம் கார் கற்றுக்கொள்ளும் வயது. ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"கலர் சோடா எத்தன குடிப்பீங்க சார்?"

"ஒண்ணு. வெயில் நாள்னா ரெண்டு."

"அஞ்சு" என்றாள் மனைவி.

"சிகரெட்?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "நீயே சொல்லிடு."

வகுப்புக்கு வகுப்பு சோடா, பொரித்த சிப்ஸ் பொட்டலம், மதியம் பேக்கரியில் இறைச்சி வைத்த பன், அது செரிக்க ஒரு சிகரெட், நாள் முழுக்க வெயிலில் காய்ந்த வண்டியில் உட்கார்ந்த உத்தியோகம். எல்லாம் காகிதத்தில் ஏறியது. ஆலோசகர் சிரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. "சாப்பாட்ட மாத்தினா உடனே குழந்த வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன் சார். அது மருந்து இல்ல, ஆனா உதவும். இன்னிக்கு உங்க உடம்புல உருவாக ஆரம்பிக்கிற விந்தணு முழுசாத் தயாராக மூணு மாசம் பக்கத்துல ஆகும். அந்த மூணு மாசமும் உடம்புக்கு நல்ல சாமானாக் குடுங்க. சிகரெட்ட விட்டுடுங்க. அப்புறம் மறுபடியும் பாத்துக்கலாம்." பதினாறு வருடமாகத் தான் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தையைத் தனக்கே சொல்லக் கேட்டு மாஸ்டர் தலையாட்டினார்.

கொடுத்த சீட்டில் கீரை, வேகவைத்த தக்காளி, வாரம் இரண்டு தடவை மீன், முட்டை, பருப்பு வகை, வால்நட், பூசணி விதை, பழம் என்று ஒரு பக்கமும், நிறுத்த வேண்டியவை என்று மறுபக்கமும் இருந்தன. நிறுத்த வேண்டிய பக்கத்தைப் படித்தால் மாஸ்டரின் சுயசரிதை போலவே இருந்தது. மேலே ஒரு வரியில் அவர் பெயர், வயது, ஆண்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அந்த மேல் வரியை மட்டும் நறுக்கிவிட்டு மீதியைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். ஏன் நறுக்கினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வீட்டுக்கு யாராவது வருவார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான் ஓடியது மனதில்.

இரண்டே நாளில் வந்தவர் அக்கா. மாஸ்டரைவிட ஒன்பது வயது மூத்தவர். பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஜன்னல் திரை தைக்கும் கடை வைத்திருக்கிறார், எந்நேரமும் வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்வியபடியேதான் பேசுவார், ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. தம்பி என்றால் உயிர். அந்த உயிரிலிருந்து ஒரு பங்கு எடுத்துத்தான் தம்பி மனைவியையும் விசாரிப்பார். குளிர்பெட்டி முன்னால் நின்று சீட்டைப் படித்தவர், "இது உனக்குக் குடுத்ததாம்மா?" என்று மனைவியைக் கேட்டார். அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் குளிர்பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுத் தண்ணீர் பாட்டில் தேடினார். பாட்டில் கண்ணெதிரேதான் இருந்தது.

"என்னடா, அவளுக்குத்தானே?"

"ம்."

அவ்வளவுதான். ஒரே ஒரு 'ம்'. பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து அந்த 'ம்' மாஸ்டரின் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாளிலிருந்து மதியம் ஒரு மணிக்கு மனைவிக்கு அக்காவின் ஃபோன். அவளுக்கு வேலை ஒரு ஃபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காலையிலிருந்து ஊரார் திட்டைக் கேட்டு, "மன்னிக்கணும் சார், உடனே சரி பண்ணிடறோம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவள், சாப்பாட்டு இடைவேளையில் இதையும் கேட்பாள். "விதை சாப்பிட்டியாம்மா? கீரை? மறந்துடாத, என் தம்பி முகத்துக்காகவாவது சாப்பிடு." அவள், "சாப்பிட்டேன் அண்ணி" என்பாள். விடுமுறை நாளில் அக்கா வீட்டு விருந்துக்குப் போனால் இன்னும் மோசம். சீட்டில் கண்டதெல்லாம் அவள் தட்டில் குவியும். மாஸ்டருக்கு, வெயிலில் உழைக்கிற பிள்ளை என்று பொரித்த இறைச்சியும் குளிர்ந்த சோடாவும். ஒரு தடவை கிளாஸைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "என்னடா உடம்புக்கு?" என்று அக்கா பதறியதில் இரண்டு கிளாஸ் குடிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் வாரமெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு அங்கே போய்க் கெடுத்துக்கொள்வார். திரும்பும் வழியில் மனைவி ஜன்னல் பக்கமே திரும்பியிருப்பாள்.

மாஸ்டரைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து நாலாவது நாள், சிக்னலில் டப்பாவைப் பார்த்தார். பிறகு சிகரெட் சாம்பல் கிண்ணத்தில் ஏலக்காய் இருப்பதையும் பார்த்தார். "எத்தன மாசம் ஆச்சு மாஸ்டர்?" என்றார் சாதாரணமாக. வண்டி நின்றுகொண்டிருந்தபோதே மாஸ்டரின் கால் பிரேக்கை அழுத்தியது.

"எது?"

"எங்க வார்டுக்கு தினம் நாலு பேரு வராங்க, இதே டப்பாவோட. பாதிப் பேரு அவங்க சம்சாரத்துக்குன்னுதான் சொல்றாங்க."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பச்சை விழுந்து வெகுநேரமாகியிருந்தது. அன்றைய வகுப்பில் மாஸ்டர் கண்ணாடியைப் பார்க்கச் சொல்ல மறந்தார், கியர் மாற்றச் சொல்ல மறந்தார். முடிந்து இறங்கும்போது மட்டும், "சரியாயிடுமா சிஸ்டர்?" என்று கேட்டார். "சில பேருக்கு எண்ணிக்க நல்லாவே ஏறுது. சில பேருக்கு இல்ல. வெட்கப்பட்டா மட்டும் ஒண்ணும் ஏறாது மாஸ்டர்" என்றார் நர்ஸ்.

அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனைவி என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரமே அவள் கேட்டுவிட்டாள். அக்கா அன்று மதியம் ஃபோனில், வேறொரு டாக்டர் இருக்கிறார், வயிற்றைத் திறந்தே பார்த்துவிடலாமாம், தேதி வாங்கட்டுமா என்று சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் கீரையைப் பரிமாறிவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தாள்.

"இத அண்ணிகிட்ட சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாதுங்க. ஆனா நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். நீங்க சொன்னா எனக்காகப் பேசின மாதிரி ஆகும்."

மாஸ்டர் கீரையைக் கிளறினார்.

"குழந்த பொறக்குதோ இல்லையோ, அது நம்ம கையில இல்ல. நீங்க எனக்காக ஒரு வார்த்த பேசுவீங்களான்னு தெரியணும் எனக்கு. இந்த ஞாயித்துக்கிழம வரேன். அதுக்கப்புறம் உங்க அக்கா வீட்டு மேசையில நான் உக்கார மாட்டேன். உங்க கூட உக்காருவேனான்னும் தெரியல." கோபமாகச் சொல்லவில்லை, புகார் எழுதிக்கொள்ளும் குரலில் சொன்னாள். கால் தரையை அழுத்திப் பார்த்தது, எதுவும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மேசையில் நாலு பேர். அக்கா, அக்கா புருஷனான மாமா, மாஸ்டர், மனைவி. மனைவியின் தட்டில் கீரையும் மீனும் தக்காளியும் முட்டையும். மாஸ்டரின் தட்டில் பொரித்த இறைச்சி. வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம், உட்கார்ந்ததும் வெளியே வரவில்லை. வானிலை பேசினார். வண்டி விலை பேசினார். மாமாவின் மூக்குக் கண்ணாடியைப் புகழ்ந்தார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக வந்தது.

அக்கா மனைவியின் தட்டில் இன்னொரு கரண்டி கீரை வைத்தார். "அந்த டாக்டர்கிட்ட வர வியாழக்கெழமைக்குச் சொல்லி வச்சிருக்கேன்மா. பயப்படாத, மயக்க மருந்து குடுத்துதான் பண்ணுவாங்க. மூணு மாசமா இத்தனையும் சாப்பிட்டும் ஒண்ணும் காணோம்னா உள்ள ஏதோ இருக்கு."

"ஆம்பளையா இருந்தா இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது" என்று சிரித்தார் மாமா. "நம்ம மாஸ்டரப் பாருங்க, கல்லையும் செரிப்பாரு."

மனைவி முட்டையைப் பாதி கடித்தவள், மெல்லாமல் அப்படியே தட்டில் வைத்தாள். கண் கலங்கவில்லை. மாஸ்டரையும் பார்க்கவில்லை. இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் பார்த்தவள் இன்று பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. காது இரண்டும் சிவந்து எரிந்தன. தன் தட்டை ஒதுக்கிவிட்டு அவள் தட்டைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"டேய், அது அவளுக்குடா" என்றார் அக்கா.

"இல்லக்கா. சீட்டே எனக்கு எழுதினது." செருமிக்கொண்டார். "அவளுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான். டாக்டர் எங்கிட்டதான் சொன்னாங்க. பேர நறுக்கிட்டு ஒட்டினதும் நான்தான். வியாழக்கெழம அவ எங்கயும் வர மாட்டா."

அக்காவின் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. மாமா தண்ணீர் குடித்தார், கிளாஸ் காலியான பிறகும் குடித்தார். யாராவது ஒரு வார்த்தை பேசினால் தேவலை என்றிருந்தது மாஸ்டருக்கு. வெட்கத்தில் உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. அவள் கடித்து வைத்திருந்த பாதி முட்டையை எடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே வாயில் போட்டு மென்றார்.