பூ வைப்பதற்கு முந்தின நாள்

ஷூ ஒட்டுகிற பசையான சொல்யூஷன் காய்ந்தால் வரும் வாசனையை ஷூ கம்பெனிக்குப் போனவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. பெட்ரோலையும் பழுத்துப்போன வாழைப்பழத்தையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்ததுபோல மூக்கில் இனித்துத் தொண்டையில் எரியும். ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் சாயங்காலம் அந்த வாசனையோடுதான் வீடு திரும்புவார்கள் என்பதால், அதை நான் தனியாகக் கவனித்ததே கிடையாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் அக்கா கலா துப்பட்டாவைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று, "அம்மா, திட்டாதம்மா" என்று சொன்னபோதுதான் அந்த வாசனை எனக்கு முதன்முதலாக உறைத்தது.

மறுநாள் காலையில் அவளுக்குப் பூ வைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் 'பூ வைக்கிறது' என்றால், இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு என்று ஊரறியச் சொல்வது. மாப்பிள்ளையின் அக்காவோ அம்மாவோ பெண்ணைப் பலகையில் உட்காரவைத்து, பின்னால் நின்று, தங்கள் கையால் பூச்சரத்தை அவள் பின்னலில் சூட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவது, சாப்பாடு எல்லாம். விரிஞ்சிபுரத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, அம்மா ராத்திரியெல்லாம் கண்விழித்துச் செய்த சொஜ்ஜியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலைத்தான் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் போனார்கள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தட்டிப் போயிருந்தன. இதுவும் தட்டினால் அக்காவுக்கு இனிமேல் கல்யாணமே இல்லை என்று அம்மா தனக்குத்தானே முடிவுகட்டி வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பிரிவில் வேலை. பின்னலைக் கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்கித்தான் உட்கார வேண்டும். பின்னால் டப்பாவோடு போன ஒருத்தி கால் இடறி, இருந்த சொல்யூஷனையெல்லாம் அக்காவின் பிடரியில் கொட்டிவிட்டாள். உடனே எண்ணெயைத் தடவியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்களுக்குக் கைப்பழக்கம் ஒன்று உண்டு. விரலில் சொல்யூஷன் பட்டால் துடைக்கமாட்டார்கள், காயவிடுவார்கள்; காய்ந்தபின் கட்டைவிரலால் தேய்த்தால் அழுக்குமாதிரி உருண்டு உருண்டு வந்துவிடும். "காயட்டும்டி, உருட்டி எடுத்துர்லாம்" என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லி, ஷூ காயவைக்கிற ஹீட்டர் பக்கம் அவளை முதுகு காட்டி நிற்கவும் வைத்திருக்கிறார்கள், புண்ணியவதிகள்! முடி என்ன உள்ளங்கையா? சாப்பாட்டு நேரத்துக்குள் பிடரி மயிர் முழுவதும் ஒரு தகடாக இறுகிவிட்டது.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முக்காட்டை விலக்கி, அந்தத் தகட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "செருப்பு போடு, ஆபா கடைக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னாள். நானும் கூடவே ஓடினேன்.

ஆபா கடை எங்கள் பகுதியில் பெண்களுக்கென்று இருந்த ஒரே பார்லர். வெயிலில் வெளுத்துப்போன அதன் பலகையில் இருந்த பெயரை யாரும் சொன்னதில்லை. நடத்தியவர் நஸ்ரின், உருது பேசுகிற வீட்டு அம்மாள், அவரை எல்லோரும் உருதுவில் அக்கா என்று பொருள்படும்படி 'ஆபா' என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். வாசலில் கனத்த பச்சைத் திரை. அதைத் தாண்டி எந்த ஆணுக்கும் இடமில்லை, ஆபாவின் வீட்டுக்காரருக்கே இல்லை. உள்ளே போனதும் புர்கா ஆணியில் தொங்கும், கம்பெனி அடையாள அட்டை மேஜைமேல் கிடக்கும், டீ வந்துவிடும். புருவம் எடுக்க வந்தவளும், சும்மா ஃபேன் காற்றுக்கு வந்தவளும், மாமியாரைத் திட்டுவதற்கென்றே வந்தவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆபாவுக்குக் கத்தரிக்கோல் அவ்வளவாக வராது, பேச்சுத்தான் வரும். கைவேலை எல்லாம் பத்மா அக்கா, சித்தூர்ப் பக்கத்துக்காரி. தலையைப் பிடித்து அப்படி இப்படித் திருப்பிப் பார்த்து, "உன் மூஞ்சிக்கு அது வேணாம், நான் ஒண்ணு பண்றேன் இரு" என்பாள். வெள்ளரிக்காய்ச் சாறு, பழைய வளையல், ஊதுபத்திக் குச்சி, கையில் எது கிடைத்தாலும் அதை வைத்து ஏதோ ஒன்று பண்ணியும் விடுவாள்.

அன்றைக்கு அவளும் தகட்டைப் பார்த்துவிட்டு, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, மேல் பக்கத்திலிருந்து இழை இழையாக ஊறவைத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். உச்சிப் பக்கம் தப்பித்துவிடும், பிடரியை வெட்டித்தான் ஆகவேண்டும், பின்னல் போய்விடும் என்றாள்.

"வெட்டறதா? நாளைக்குப் பூவை எதுல வெப்பாங்க, என் தலையிலயா?" என்று அம்மா வெடித்தாள். "முடி வெட்டின பொண்ணைப் பலகையில உக்காரவெச்சா, இன்னா கோளாறோன்னு எழுந்து போய்டுவாங்க ஆபா!"

"பேஜார் ஆவாதம்மா. வெட்டினதையே சவுரியா கட்டி வெச்சிடுவா இவ. அவ முடிதானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் ஆபா. பத்மா அக்கா தலையாட்டினாள். கத்தரிக்கோல் பிடரியில் நறுக்கென்று இறங்கிய சத்தம் கேட்டபோது அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெட்டின பின்னலை நான் மடியில் வாங்கிக்கொண்ட அந்த நேரத்தில்தான் வெளியே ஸ்கூட்டி வந்து நின்றது. திரை ஓரமாக எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஐயோ, மாப்பிள்ளையோட அக்கா! சுமதி!"

சுமதி ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். நாளைக்குப் பூ வைக்கப்போகிறவளே அவள்தான். வந்தவளைத் திருப்பி அனுப்புவது என்பது ஆபா கடையில் கிடையவே கிடையாது. ஆபா அம்மாவைப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். ஆணியில் தொங்கிய தன் புர்காவை எடுத்து அக்காவின் எண்ணெய்த் தலையோடு போட்டு, கண் மட்டும் தெரியும்படி முகத்திரையையும் கட்டிவிட்டார். சுமதி என்னையும் பார்த்திருக்கிறாளே! பத்மா அக்கா ஒரு நொடி யோசித்தாள். முல்தானி மட்டிக் கிண்ணத்தில் கையை விட்டு என் மூஞ்சி முழுக்க அப்பினாள். பின்னல் என் பாவாடைக்கு அடியில் போயிற்று.

சுமதி வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். டீயும் வந்தது. "கும்பல் கம்மியா இருக்கே, நல்லதாப் போச்சு" என்றவள், குரலைத் தாழ்த்தி, "ஆபா, உள்ள ரூமுக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

"உள்ளயா? உள்ள தண்ணி நிக்குதும்மா" என்றார் ஆபா, மூச்சே விடாமல். எனக்கு மட்டி காய்ந்து கன்னம் இழுத்தது. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, மூத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

சுமதி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். முகம் மூடிய ஒருத்தி, மண் பூசிய ஒரு சிறுமி. தெரிந்தவர் யாரும் இல்லை என்று மனசு சமாதானமாகியிருக்க வேண்டும். கையைத் தூக்கித் தன் கொண்டையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கொண்டை அப்படியே கையோடு வந்துவிட்டது. உச்சியில் தோல் தெரிய, எலிவால்போல் கொஞ்சம் முடிதான் மிச்சம் இருந்தது.

"டைபாய்டு வந்ததுல இருந்து இப்படித்தான் ஆபா. எங்கம்மாவுக்கே தெரியாது. நாளைக்குத் தம்பிக்குப் பேசியிருக்கற பொண்ணுக்குப் பூ வெக்கணும். அந்தப் பொண்ணு முடியப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அத்தனை பேர் முன்னாடி நான் குனியறப்ப இது கழண்டு அவ மேலயே விழுந்துச்சுன்னா... எதனா பண்ணி இறுக்கிக் கட்டுங்க" என்றாள்.

அக்காவின் கை என் கையை விட்டது. ஆபா கண்ணாலேயே 'வேணாம், வேணாம்' என்று கெஞ்சினார். அக்கா முகத்திரையைக் கழற்றிவிட்டாள்.

"அண்ணி, நான்தான்."

சுமதி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். எங்கே மறைப்பது என்று தெரியாமல் தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "இன்னா பொண்ணு நீ! புர்கா போட்டுக்கினு ஒட்டுக் கேக்கறியா? உங்க வீட்டுல சொல்லிக் குடுத்தாங்களா இதை?" என்று கத்தி, சவுரியைப் பைக்குள் திணித்து, முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டு திரைப் பக்கம் திரும்பிவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் அம்மா அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அண்ணி, இதைப் பார்த்துட்டுப் போங்க" என்று அக்கா புர்காவை முழுவதுமாக இழுத்துப் போட்டாள். பிடரியில் கோணல்மாணலாக வெட்டுப்பட்ட முடி, அதில் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் பிசின், கழுத்தெல்லாம் வழிகிற எண்ணெய்.

திரையைப் பிடித்த கையோடு சுமதி நின்றாள். பிறகு அவள் திரும்பி வந்து, அந்தப் பிசினை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்தாள்.

"சொல்யூஷனா?"

அக்கா தலையாட்டினாள்.

"காயவுட்டியா?"

"ம்."

"அறிவுகெட்டவளே!" என்றாள் சுமதி. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஷூ கம்பெனியில் ஒட்டுகிற வேலைதான் பார்த்திருக்கிறாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. "நானா இருந்தாலும் காயத்தான் வுட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வூட்டுப் பெரியவங்களுக்கு இது தெரிய வேணாம். எங்கம்மாவை நான் பக்கத்துல வரவுடமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள் சுமதி.

பத்மா அக்கா பின்னலை என் பாவாடைக்கு அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதில் முக்கால் பங்கை அக்காவுக்கே கட்டினாள். மிச்சத்தைச் சுமதியின் சவுரிக்குள் வைத்துப் பின்னி, பின்பக்கம் கனம் சேர்த்தாள். மறுநாள் விரிஞ்சிபுரத்து மாமியார் பூச்சரத்தோடு எழுந்தபோது, சுமதி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ உக்காரும்மா, முட்டி வலின்னியே" என்று சொல்லிவிட்டு, தன் உடம்பாலேயே மறைத்தபடி அக்காவின் பின்னால் நின்று நிதானமாகப் பூ வைத்தாள். அவள் குனிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் விழவில்லை.

ஆபா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆபா மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். பத்மா அக்கா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட சலூன்கள் வந்துவிட்டன, போன் பண்ணிவிட்டுத்தான் போகவேண்டும், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனித் தடுப்பு. நன்றாகத்தான் வெட்டுகிறார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அக்காவுக்கும் சுமதி அண்ணிக்கும் பேச்சு நின்றும் பல வருஷம் ஆகிறது. மாமனார் காலமானபின் பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பில் அண்ணி பங்கு கேட்டதில் வந்த சண்டை. போன பொங்கலுக்கு முன்னால் பெரியவர்கள் கூடிப் பேசிய அன்று நானும் இருந்தேன். அக்காவின் சமையலில் தொடங்கி எங்கள் அம்மா வரைக்கும் இழுத்துச் சுமதி அண்ணி ஏசினாள். அண்ணியின் வீட்டுக்காரர் குடிப்பதை அக்கா கூட்டத்தில் போட்டு உடைத்தாள். கிழவியாகிப்போன மாமியார், "பூ வெச்ச அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல" என்று இடையில் ஒரு வார்த்தை போட்டாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு சுமதி அண்ணி, "அந்தப் பேச்சு இப்ப எதுக்கும்மா? தோப்பைப் பத்திப் பேசு" என்றாள். "ஆமா, தோப்பைப் பத்திப் பேசுங்க" என்றாள் அக்கா.