சாகுல் சாரின் பயறு வண்டுகள்

சிவகாசி அச்சகத்தில் கல்லூரி நாட்காட்டிக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சாகுல் சார் காலமாகிவிட்டார். விலங்கியல் துறையில் என் பக்கத்து மேசைக்காரர். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. எதையும் எழுதி முடிக்காமல் போய்விட்டாரே.

அவரோடு பழகிய உங்களுக்கு அந்தப் பாட்டில்கள் தெரியும். விருதுநகரில் பயறு வியாபாரம் செய்யும் குடும்பம். மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் வண்டு விழுந்தால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. இவரோ அந்த வண்டுகளைப் பிடித்து வந்து மாடி அறையில் பாட்டில்களில் வளர்த்தார். பாசிப்பயறு சின்னது. உள்ளே இரண்டு புழு நுழைந்தால் ஒன்று மற்றதைத் தீர்த்துக்கட்டும். ஒரே வண்டுதான் வெளியே வரும். "இந்தக் குணம் வண்டோடதா, பயறோடதா மேடம்?" என்பார். அதைப் பார்க்கத்தான் பாதி வண்டுகளைப் பெரிய தட்டப்பயறுக்கு மாற்றி, தலைமுறை தலைமுறையாக அதிலேயே வளர்த்தார். வெயிலில் வண்டு சீக்கிரம் வளரும் என்று கோடைக்குக் காத்திருப்பார். ஊரில் சித்திரை வெயிலைத் திட்டாத ஒரே ஆள்.

ஒருநாள் மதியம் என் சாப்பாட்டு டப்பா மூடியில் ஒரு தட்டப்பயறை வைத்தார். அதில் இரண்டு ஓட்டை. "ரெண்டு பேரு ஒத்துமையா இருந்து வெளிய வந்திருக்காக, பாருங்க." அடுத்தடுத்த பயறுகளும் அப்படித்தான் இருந்தன. ஆய்விதழுக்கு எழுதி அனுப்புங்கள் என்று மன்றாடினேன். "மறுபடி பாசிப்பயறுல விட்டுப் பாக்கணும். பழைய குணம் திரும்புதான்னு தெரியாம எழுதுனா அது பாதி உண்மை." இந்தப் பொறுமையைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

மறுநாள் துக்கம் கேட்கப் போனவள் பாட்டில்களைக் கேட்டேன். கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய தம்பி சொன்னார்: "அம்புட்டையும் மொட்டைமாடி வெயில்ல கொட்டி, அப்புறம் தீயில போட்டாச்சு மேடம். மௌத்து வீட்டுக்கு எத்தனை யாவாரிக வாராக. வண்டு மேஞ்ச பயறைப் பாத்தா அண்ணனுக்குத்தான அசிங்கம்." அண்ணனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அழுத முகத்தில் தெரிந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

புதிதாக வளர்க்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். போன வாரம் அந்தத் தம்பியிடமே வண்டு விழுந்த பாசிப்பயறு கொஞ்சம் கேட்டேன். "நம்மகிட்ட அப்படிச் சரக்கே கிடையாதுங்க" என்று முகம் கடுத்தார். சாத்தூரில் ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தார். அதைத் துறையில் புதுப் பாட்டில்களில் போட்டு வளர்க்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி மட்டும்தான். அவர் பார்த்த இடத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பணி ஓய்வே வந்துவிடும். பாட்டில்கள் என் வீட்டுக்குத்தான் வரும். வீட்டில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: நான் செத்தால் முதலில் பாட்டில்களைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேருங்கள், அப்புறம் என்னைத் தூக்குங்கள்.