முதுகுப் பக்கமாகப் போன பந்து

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானம் சரிவானது. பந்து கை தவறினால் நேரே தேயிலைக்குள் ஓடிவிடும். பதுளை டவுனிலிருந்து வந்த புது மிஸ் அந்தச் சரிவில்தான் ஐந்தாம் வகுப்பான எங்களுக்கு ஹேண்ட்போல் பழக்கினார். கையால் எறிந்து கோல் போட வேண்டும். கோலுக்கு இரண்டு தார் பீப்பாய். இருந்தது ஒரே பந்து. பாதிப் பாடம் அதைத் தேடுவதிலேயே கழியும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பந்து தொலைந்தால் மிஸ் போய்விடுவாரோ, பந்து முகத்தில் பட்டால் பல் விழுமோ, இப்படி. கையில் பந்து வந்தால் சுட்ட கிழங்கைத் தொட்டதுபோல உடனே யாரிடமாவது தள்ளிவிடுவேன்.

"கையைக் காதுக்கு மேல தூக்கு. இடது காலை முன்னுக்கு வை. கோலைப் பார்த்து எறி" என்பார் மிஸ். தலையைத் தலையை ஆட்டுவேன். கை மட்டும் கேட்காது.

வெள்ளிக்கிழமை நாலாம் வகுப்போடு மேட்ச் என்றார். அந்த வாரம் முழுக்க அம்மாவை நச்சரித்தேன்.

"நீ வந்து பாரும்மா. நான் கோல் போடுவேன்."

"எங்க, பந்தக் கண்டாலே ஓடுவியாமே?" என்று அம்மா சிரித்தார். அப்புறம் என் தலையைத் தடவி, "வாரேன் புள்ள" என்றார். நான் நம்பவில்லை. கொழுந்து பறிக்கிற மலையை விட்டு எந்த அம்மாவும் மேட்ச் பார்க்க வரமாட்டார்.

ஆனால் வந்தார். மைதானத்துக்கு மேலே மேட்டில் நின்றார். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் நீலச் சேலை, பவுடர் பூசிய முகம், கையில் ஒரு பை. என் மேட்ச்சுக்காகத்தான் இவ்வளவு உடுப்பு என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பைக்குள் எனக்குத் தின்ன பனிஸ் இருக்கும் என்றும் நினைத்தேன்.

அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றதில் பந்து நெஞ்சில் வந்து மோதியது. பிடித்துவிட்டேன். கோல் எனக்குப் பின்னால். நாலாம் வகுப்பு முழுவதும் என்மேல் பாய்ந்து வந்தது. மிஸ் சொன்ன காது, கால் எல்லாம் மறந்துபோனது. அம்மா கொழுந்தைக் கிள்ளித் திரும்பிப் பாராமல் முதுகுக் கூடைக்குள் போடுவாரே, அதுபோல் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினேன்.

"கோல்!" என்று கத்தினார் மிஸ்.

"மிஸ், இவ கொழுந்து போடுறா மிஸ்! கூடை எங்கடி?" என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்மாவும் சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவ்வளவு கேவலமாகவா எறிந்தேன் என்று குன்றிப்போனேன். மறுபடி பார்த்தபோது மேட்டில் ஆள் இல்லை. பதுளை பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது.

எங்கள் லயத்து வீட்டில் சித்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தம்பி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா எங்க சித்தி?"

"டவுனுக்குப் போயிருக்கு. வந்துரும்" என்றார், என் முகத்தைப் பாராமல். புகை அவர் கண்ணைக் கரித்தது என்று நினைத்தேன்.

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாவை நான் மறுபடி பார்த்தபோது எனக்கும் அவருக்கும் ஒரே உயரம். சித்தியும் கொழுந்துக்குப் போய்விட, தம்பியைப் பார்க்க ஆளில்லாமல் என் படிப்பு அதற்குள் நின்றிருந்தது. இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பவும் போனார். இப்போதும் போனில் முகம் பார்க்கும்போதெல்லாம், சாப்பிட்டியா என்றுதான் கேட்கிறார். அந்தக் கோலைப் பற்றி இருவருமே பேசியதில்லை.

மேட்ச் நடந்த அன்று சாயங்காலம் பழந்துணியை உருட்டி ஒரு பந்து கட்டினேன். கையைக் காதுக்கு மேல் தூக்கி, இடது காலை முன்னால் வைத்து, லயத்துச் சுவரில் எறிந்தேன். திரும்பத் திரும்ப எறிந்தேன். ஆறு மணி பஸ்ஸில் அம்மா இறங்கி வந்ததும், சரியாக எறிந்து காட்ட வேண்டும் என்று.